பரோலோ குடிச்சுப் பழகுறது எப்படி: முதல் பாட்டில் வாங்குறவங்களுக்கு

பரோலோங்கிற இத்தாலிய சிவப்பு ஒயினைப் பத்தி பெருசா கேள்விப்பட்டு, காசு சேத்து வச்சு ஒரு பாட்டில் வாங்கி, வீட்டுக்கு வந்த கையோட திறந்து ஒரு வாய் குடிச்சுட்டு "என்னங்க இது வாயெல்லாம் இழுக்குது, நிறமும் வெளுத்துப் போய் இருக்கு, இதுக்கா இவ்வளவு விலை"ன்னு கேக்குறவங்க நிறைய பேர். கேள்வி நியாயமானது தான். ஆனா தப்பு ஒயின்லயும் இல்ல, அவங்க நாக்குலயும் இல்ல, அவசரத்துல தான் இருக்கு. இந்த ஒயினை ஒரு வாய்ல முடிவு பண்ணவே முடியாது, ஒரு சாயங்காலம் முழுக்க சாப்பாட்டோட வச்சு கொஞ்சம் கொஞ்சமா குடிச்சா தான் அது என்னன்னு தெரியும். அதை எப்படி செய்யணும்னு ஒவ்வொரு படியா சொல்றேன், என்ன வாங்குறதுலருந்து மறுநாள் மிச்சத்தை என்ன பண்றதுங்கிற வரைக்கும்.

முதல்ல இது எங்கருந்து வருதுன்னு கொஞ்சம்

இத்தாலியோட வடமேற்கு மூலையில பியெமோன்தே மாகாணம், அதுல ஆல்பாங்கிற ஊரைச் சுத்தி லாங்கேன்னு ஒரு மலைக்குன்றுப் பகுதி இருக்கு. அங்க பரோலோங்கிற சின்ன கிராமமும் சுத்தியிருக்கிற ஊர்களும் சேத்து மொத்தம் 11 ஊர் எல்லைக்குள்ள விளையுற நெபியோலோ திராட்சையில மட்டும் செஞ்சா தான் அது பரோலோ. வேற திராட்சை ஒரு சொட்டு கூட கலக்கக் கூடாது, வடக்கு பாத்த சரிவுல நட்ட கொடியிலருந்தும் எடுக்கக் கூடாது, அந்தளவுக்கு சட்டம் போட்டு வச்சிருக்காங்க. எந்த ஊர்ல எப்படி செஞ்சதுன்னு இத்தாலி சட்டப்படி உறுதி சொல்ற டிஓசி அந்தஸ்து 1966-ல கிடைச்சுது, 1980-ல அதுக்கும் மேல் படியான டிஓசிஜி. 2014-ல அந்த திராட்சைத் தோட்ட நிலப்பரப்பையே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது.

நெபியோலோ ரொம்ப பிடிவாதமான திராட்சை. வசந்தத்துல எல்லாத்துக்கும் முன்னாடி துளிர் விடும், ஆனா பழுக்குறது எல்லாத்துக்கும் கடைசியில, அக்டோபர்ல பனிமூட்டம் இறங்குற நேரத்துல. இவ்வளவு நீண்ட காலம் கொடியில நிக்கிறதால மழை, ஆலங்கட்டி, குளிர் எல்லாத்துக்கும் தப்பிச்சு வரணும். வேற நாடுகள்லயும் நட்டுப் பாத்தாங்க, ஆனா லாங்கேல வர்ற மாதிரி வேற எங்கயும் வந்ததா நான் நினைக்கல.

முதல் படி: பரோலோல ஆரம்பிக்காதீங்க

பரோலோ பத்தின வழிகாட்டியில இப்படிச் சொல்றேன்னு பாக்காதீங்க, உண்மையாவே சொல்றேன். முதல்ல "லாங்கே நெபியோலோ"ன்னு லேபிள்ல போட்ட ஒரு பாட்டில் வாங்குங்க. அதே திராட்சை, பெரும்பாலும் அதே ஆளுங்க செய்றது, சில சமயம் பரோலோ தோட்டத்துலயே இருக்கிற இளம் கொடிகள்ல பறிச்சது. மரப்பீப்பாயில அதிக காலம் வைக்காததால துவர்ப்பு மிதமா இருக்கும், விலையும் பாதி, சில சமயம் அதுக்கும் கீழ. வாயில நெபியோலோவோட அடிப்படை உருவம் பதிஞ்சிடும்: வெளுத்த நிறம், ரோஜா வாசனை, நல்ல புளிப்பு, கடைசியில பிடிக்கிற துவர்ப்பு.

அது பிடிச்சிருந்தா அடுத்தது பார்பரெஸ்கோ. ஆல்பாவுக்கு அந்தப் பக்கம், அதே திராட்சை, சட்டப்படி 26 மாசம் பக்குவப்படுத்தினா போதும், அதுல 9 மாசம் மரப்பீப்பாயில. கொஞ்சம் சீக்கிரமே இளகி வரும். "ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ"ன்னு ஒரு விவசாயிகள் கூட்டுறவு சங்கம் இருக்கு, 1958-ல ஒரு பாதிரியார் ஊர்ல உள்ள சின்ன சின்ன விவசாயிகளை ஒண்ணு சேத்து ஆரம்பிச்சது, இன்னிக்கும் அவங்க ஒயின் தரத்துக்கும் விலைக்கும் அவ்வளவு நேர்மையா இருக்கும். புதுசா வர்றவங்களுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு கை காட்டுறது அதைத் தான்.

இந்த ரெண்டையும் பாத்த பிறகு பரோலோவுக்கு வாங்க. அப்ப அந்தத் துவர்ப்பு உங்களை அதிர வைக்காது, எதிர்பாத்து உக்காந்திருப்பீங்க.

லேபிளைப் படிக்கிறது

லேபிள்ல பாக்க வேண்டியது நாலு விஷயம் தான்: செஞ்சவங்க பேரு, வருஷம், தோட்டத்து பேரு இருக்கா இல்லையா, ரிசெர்வான்னு போட்டிருக்கா இல்லையா.

இதுல முதலாவது தான் எல்லாத்துலயும் முக்கியம். நல்ல கை செஞ்ச சாதா பரோலோ, அலட்சியமான கை செஞ்ச பெரிய தோட்டத்து பரோலோவை விட எப்பவும் மேல. ஜி. டி. வாய்ரா, வியெத்தி, மஸ்ஸோலினோ, புர்லோத்தோ, பியோ சேசரே, போர்கோன்யோ இந்த மாதிரி பேருங்க பல நாட்டுக் கடைகள்ல கிடைக்கும், தைரியமா வாங்கலாம். ஜாக்கோமோ கொந்தெர்னோ, பர்தோலோ மஸ்கரெல்லோ, ஜுசெப்பே ரினால்தி இவங்க பாட்டிலெல்லாம் விலை எங்கயோ போயிடுச்சு, யாராவது ஊத்திக் கொடுத்தா நன்றி சொல்லி வாங்கிக்கோங்க, ஆனா முதல் பாட்டிலா அதை வாங்க வேண்டியதில்ல, அனுபவிக்கிற பக்குவம் வர்ற வரைக்கும் அது நிக்கட்டும்.

வருஷம்னா திராட்சை பறிச்ச வருஷம். பரோலோ குறைஞ்சது 38 மாசம் பக்குவப்படணும், அதுல 18 மாசம் மரத்துல, கணக்கு பறிச்ச வருஷத்து நவம்பர் 1-லருந்து ஆரம்பிக்குது. அதனால 2021-ல பறிச்சது 2025 ஜனவரிக்கு முன்னாடி கடைக்கு வரவே முடியாது. ரிசெர்வான்னா 62 மாசம். ரிசெர்வான்னு இருந்தா கட்டாயம் உசத்தின்னு நினைச்சுடாதீங்க, கூடுதல் காலம் வச்சிருக்காங்கன்னு மட்டும் தான் அர்த்தம், சிலர் தங்களோட மிகச் சிறந்த தோட்டத்துக்கு மட்டும் அதைப் போடுவாங்க, சிலர் வழக்கமா போடுவாங்க.

தோட்டத்து பேருங்கிறது கன்னூபி, புருனாதே, புஸ்ஸியா, மோன்விலியெரோ இப்படி. 2010 விளைச்சல்லருந்து இந்தப் பேருங்களை எல்லை குறிச்சு அதிகாரபூர்வமா பதிஞ்சுட்டாங்க, 11 ஊர்ப் பேரையும் சேத்து மொத்தம் 181. இதெல்லாம் மனப்பாடம் பண்ண வேணாம். தோட்டத்து பேரு இல்லாம வெறும் "பரோலோ"ன்னு இருந்தாலும் குறைச்சல் இல்ல, பழைய காலத்துல பல தோட்டத்து பழத்தைக் கலந்து ஒரே பரோலோவா செய்றது தான் வழக்கம், ஒரு தோட்டத்துல இல்லாததை இன்னொண்ணு நிரப்பும்ங்கிற எண்ணம். பர்தோலோ மஸ்கரெல்லோ கடைசி வரைக்கும் அப்படித் தான் செஞ்சாரு, அவர் பொண்ணு இன்னிக்கும் அப்படித் தான் செய்றாங்க. பரோலோவுக்கு வர்றப்ப முதல்ல அந்த மாதிரி கலவைப் பரோலோவை எடுக்கிறது தான் நல்லதுன்னு எனக்குத் தோணுது, விலையும் அடக்கமா இருக்கும், அந்த நிலப்பகுதியோட மொத்தக் குரலும் அதுல இருக்கும்.

கழுத்துல ஒரு காகிதப் பட்டை, எண் போட்டு ஒட்டியிருக்கும், அது டிஓசிஜி முத்திரை. அது இல்லாம வாங்காதீங்க. இன்னொண்ணு, "பரோலோ கினாதோ"ன்னு எழுதியிருந்தா நிறுத்துங்க. அது சிங்கோனா பட்டையும் மசாலாவும் சக்கரையும் சேத்து செஞ்ச இனிப்புக் கசப்பு பானம், சாப்பாட்டுக்கு அப்புறம் சின்ன கிளாஸ்ல குடிக்கிறது. நல்லா தான் இருக்கும், ஆனா நீங்க தேடி வந்தது அது இல்ல.

எந்த ஊர், எந்த வருஷம், எந்தக் கை

ஆல்பாவிலருந்து பரோலோவுக்குப் போற ரோட்டை வச்சு அந்தப் பகுதியை ரெண்டா பிரிச்சுப் பாக்கலாம். மேற்கு பக்கம் லா மோர்ராவும் பரோலோ கிராமமும், அங்க மண் வயசுல இளசு, நீலச் சாம்பல் நிற சுண்ணாம்புக் களிமண், ஒயின்ல வாசனை தூக்கலா, உடம்பு மென்மையா, சீக்கிரம் இளகும். கிழக்கு பக்கம் செர்ரலுங்கா, மோன்ஃபோர்தே, அங்க மண் இன்னும் பழசு, இறுக்கம் அதிகம், ஒயினும் அதே மாதிரி முறுக்கா நிக்கும், பத்து பதினஞ்சு வருஷம் காத்திருக்கச் சொல்லும். காஸ்திலியோனே ஃபல்லெத்தோ நடுவுல உக்காந்திருக்கிற மாதிரியே ஒயின்லயும் ரெண்டும் கலந்திருக்கும். இது பொதுவான போக்கு தான், மலைச்சரிவுக்குச் சரிவு மாறும், ஆனா சீக்கிரம் குடிக்கணும்னா லா மோர்ரா, வச்சிருந்து குடிக்கணும்னா செர்ரலுங்காங்கிற கணக்கு புதுசா வாங்குறவங்களை ஏமாத்தாது.

வருஷம்னு பாத்தா 2010, 2016 ரெண்டும் பெரிய வருஷங்கள், 2013-உம் 2019-உம் நிதானமான பழைய பாணி வருஷங்கள், இதெல்லாம் பொறுமை கேக்கும். 2015, 2017, 2020 வெயில் வருஷங்கள், பழச்சுவை முன்னாடி நிக்கும், சீக்கிரம் குடிக்கலாம். 2018 லேசானது, அதை நிறைய பேர் குறைவா மதிக்கிறாங்க, ஆனா ரெஸ்டாரன்ட்ல இன்னிக்கே திறந்து குடிக்கணும்னா எனக்கு அது தான் முதல்ல தோணும். கஷ்டமான வருஷம்னா 2002, செப்டம்பர்ல ஆலங்கட்டி மழை பல தோட்டங்களை நாசம் பண்ணி, நிறைய பேர் அந்த வருஷம் பரோலோவே போடல. ஆனா அதே வருஷம் கொந்தெர்னோ குடும்பம் தங்களோட பெரிய ஒயினான மோன்ஃபோர்தினோவைச் செஞ்சு வெளியிட்டாங்க, இன்னிக்கும் அதைத் தேடி வாங்குறாங்க. அதனால தான் வருஷத்தை விட செஞ்ச கையைப் பாருங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

செய்ற முறையில ஒரு பெரிய சண்டையே நடந்துச்சு, அதைத் தெரிஞ்சுக்கிட்டா பாட்டிலுக்குப் பாட்டில் ஏன் இவ்வளவு வித்தியாசம்னு புரியும். பழைய முறையில திராட்சைத் தோலோட ஒரு மாசம், சில சமயம் அதுக்கும் மேல ஊற வச்சு, அப்புறம் பல ஆயிரம் லிட்டர் பிடிக்கிற பெரிய ஓக் பீப்பாயில வருஷக்கணக்கா வைப்பாங்க, அந்தப் பீப்பாய் பழசானதால மரவாசனை ஒயின்ல இறங்காது, மெதுவா மூச்சு விட மட்டும் விடும். 1980-கள்ல எலியோ அல்தாரே மாதிரி இளைஞர்கள் பிரான்ஸ்ல பர்கண்டி போய் பாத்துட்டு வந்து, ஊற வைக்கிறதை சில நாளாக் குறைச்சு, 225 லிட்டர் புது பிரெஞ்சு ஓக் பீப்பாய்ல வைக்க ஆரம்பிச்சாங்க. அல்தாரே 1983-ல அப்பாவோட பழைய பெரிய பீப்பாய்களை செயின்சாவால அறுத்தே போட்டாரு, அப்பா அவரை சொத்துலருந்தே விலக்கிட்டாரு. எதிர்ப்பக்கம் பர்தோலோ மஸ்கரெல்லோ, சின்ன பீப்பாய் வேணாம்னு லேபிள்லயே கையால வரைஞ்சு எழுதினாரு. ரெண்டு பக்கமும் ஊர் மேல உள்ள பாசத்துல தான் சண்டை போட்டாங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. விவசாயிகள் ஏழையா இருந்த காலத்துல அந்த இளைஞர்கள் தான் உலகத்தோட கவனத்தை அந்தப் பக்கம் திருப்பினாங்க, பழைய ஆளுங்க தான் அந்த ஒயினோட உயிரைக் காப்பாத்தினாங்க. இப்ப பெரும்பாலானவங்க நடுவழிக்கு வந்துட்டாங்க, பெரிய பீப்பாய் திரும்பி வந்துடுச்சு. என் விருப்பம் பழைய முறை. புது ஓக்கோட வனிலா வாசனை நெபியோலோவோட ரோஜா மேல உக்காந்தா எனக்கு ஒப்பாது. ஆனா துவர்ப்புக்குப் பழகாதவங்களுக்கு புது முறையில செஞ்சது சுலபமா இருக்கும், அதையும் ஒத்துக்கணும்.

வாங்குறதும் வைக்கிறதும்

நிதானமான கடையில வாங்குங்க. பாட்டிலை வெயில் படுற கண்ணாடி அலமாரியிலயோ விளக்குக்குக் கீழயோ நிக்க வச்சிருந்தா வேணாம். கார்க் மேல தள்ளிட்டு நிக்குதா, கழுத்துல கசிஞ்ச கறை இருக்கான்னு பாருங்க, ரெண்டும் சூடு பட்டதோட அடையாளம். இத்தாலியில முப்பது நாப்பது யூரோவுக்கு நல்ல பரோலோ ஆரம்பிக்குது, மத்த நாடுகள்ல வரியைப் பொறுத்து ஏறும், இந்தியாவுல ரொம்பவே ஏறும், அதனால வெளிநாடு போய் வர்றப்ப வாங்குறது தான் நம்ம ஆளுங்க நிறைய பேர் செய்றது.

வீட்டுல சில மாசம் வைக்கணும்னா படுக்க வச்சு, இருட்டுல, 12-லருந்து 15 டிகிரி சூட்டுல. ஒயின் ஃப்ரிட்ஜ் இல்லாம சென்னை மாதிரி ஊர்ல பல வருஷம் வச்சுக் குடிக்கலாம்னு திட்டம் போடாதீங்க, அது வெந்து போயிடும். வாங்கினா சீக்கிரம் குடிக்கிற மாதிரி வாங்குங்க.

திறக்குற அன்னிக்கு

இங்க தான் பாதி வேலை இருக்கு, அதனால கொஞ்சம் விரிவா.

பாட்டிலை ஒரு நாள் முன்னாடியே நேரா நிமித்தி வைங்க, குறிப்பா பத்து வயசுக்கு மேல இருந்தா. அடியில மண்டி இருக்கும், அது கீழ இறங்கணும்.

சூடு முக்கியம். "ரூம் டெம்பரேச்சர்"ல குடிக்கணும்னு சொல்வாங்களே, அது ஐரோப்பாவுல கல்லு வீட்டு ரூமைப் பாத்து சொன்னது, நம்ம 30 டிகிரி ரூமுக்குப் பொருந்தாது. பரோலோவுக்கு 16-லருந்து 18 டிகிரி. சூடா இருந்தா ஆல்கஹால் மூக்குல குத்தும், 14, 15 சதவீதம் இருக்கிற ஒயின் இது. ரொம்ப குளிர்ந்தா வாசனை மூடிக்கும், துவர்ப்பு இன்னும் கரடா தெரியும். சாதாரண ஃப்ரிட்ஜ்ல ஒன்றரை மணி நேரம் போல வச்சு எடுத்தா நம்ம ஊர் சூட்டுக்கு ஏறக்குறைய சரியா வரும், கிளாஸ்ல ஊத்தினதும் அது தானா ஏறும், அதனால கொஞ்சம் கம்மியாவே ஆரம்பிங்க.

இளம் பாட்டிலா இருந்தா, அதாவது பத்து வருஷத்துக்குள்ள, சாப்பிடுறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி திறந்து ஒரு டிகாண்டர்ல ஊத்திடுங்க. டிகாண்டர் இல்லன்னா சுத்தமான கண்ணாடி ஜக் போதும், பூ ஜாடி கூட போதும், சோப்பு வாசனை மட்டும் இருக்கக் கூடாது. கார்க்கை மட்டும் எடுத்துட்டு பாட்டிலை அப்படியே வச்சா காத்து அந்தக் குறுகின கழுத்து வழியா பெருசா ஒண்ணும் போகாது, ஊத்தினா தான் காத்து கலக்கும். ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு வாய் அளவு கிளாஸ்ல எடுத்து மோந்து பாருங்க, ஒரு சின்ன மடக்கு குடிச்சும் வைங்க. அப்ப என்ன தோணுதோ அதை ஒரு காகிதத்துல எழுதி வைங்க. பின்னாடி ராத்திரி அதைப் படிச்சா நீங்களே நம்ப மாட்டீங்க எவ்வளவு மாறியிருக்குன்னு.

இருபது வருஷத்துக்கு மேல ஆன பாட்டில்னா இதே மாதிரி பண்ணக் கூடாது. மெதுவா, ஒரே கையசைவுல, கழுத்துக்குக் கீழ ஒரு வெளிச்சம் வச்சு மண்டி வர்ற இடத்துல நிறுத்தி ஊத்தணும், ஊத்தினதும் பக்கத்துலயே உக்காந்து அடிக்கடி மோந்து பாக்கணும். பழைய ஒயின் சில சமயம் அரை மணி நேரத்துல மலர்ந்து ஒரு மணி நேரத்துல வாடிடும், சில சமயம் ராத்திரி முழுக்க நிக்கும்.

திறந்ததும் நனைஞ்ச அட்டைப்பெட்டி, ஈரம் பிடிச்ச பழைய ரூம் மாதிரி வாசனை வந்தா அது கார்க் கெட்டது, காத்து பட்டாலும் போகாது. கடையில திருப்பிக் கொடுங்க, ரெஸ்டாரன்ட்ல உடனே சொல்லுங்க, கூச்சப்பட வேண்டியதே இல்ல.

கிளாஸ் பெருசா, வயிறு அகலமா, வாய் கொஞ்சம் குறுகி இருக்கிறது. பர்கண்டி கிளாஸ்னு கேட்டா கொடுப்பாங்க. மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க, மேல இருக்கிற காலியிடம் வாசனை நிக்கிறதுக்கு.

பாக்குறது, மோந்து பாக்குறது, குடிக்கிறது

வெள்ளைத் துணி மேலயோ காகிதத்து மேலயோ கிளாஸைச் சாய்ச்சுப் பாருங்க. கீழ இருக்கிற எழுத்து தெரியுற அளவுக்கு வெளுத்திருக்கும், ஓரத்துல செங்கல் நிறம், வயசாக ஆக ஆரஞ்சு. இது ஒயின் பலவீனமா இருக்குன்னு காட்டல. நெபியோலோ தோல்ல இருக்கிற நிறமிகள் நிலைச்சு நிக்காத வகை, சீக்கிரமே மாறிடும். ஆனா அதே தோல்லயும் விதையிலயும் டானின், அதாவது துவர்ப்பைக் கொடுக்குற பொருள், ஏராளம். அடர் கறுப்பா இருக்கிற சிவப்பு ஒயின் தான் வலுவானதுன்னு மனசுல ஒரு கணக்கு இருந்தா அதை இந்த கிளாஸ் தான் உடைக்கும், வெளுத்த நிறமும் இறுக்கமான உடம்பும் ஒண்ணா இருக்கிறது தான் பரோலோவோட குணமே.

அடுத்து மூக்கு. சுத்தாம முதல்ல ஒரு தடவை, அப்புறம் கிளாஸை மேசையில வச்சே நாலு சுத்து சுத்தி இன்னொரு தடவை. எல்லாரும் சொல்ற ஜோடி ரோஜாவும் தாரும். காஞ்ச ரோஜா இதழ், புதுசா போட்ட ரோட்டுலருந்து வர்ற அந்த தார் வாசனை, ரெண்டும் ஒரே கிளாஸ்ல எப்படி இருக்க முடியும்னு தோணும், இருக்கும். அது போக புளிப்பு செர்ரி, அதிமதுரம், சோம்பு, காஞ்ச மூலிகை. வயசான பாட்டில்ல பதப்படுத்தின தோல், புகையிலை, காளான், ஆல்பா பக்கம் மண்ணுக்கடியில கிடைக்கிற வெள்ளை ட்ரஃபிள்ங்கிற காளான் வகையோட வாசனை கூட. இந்தப் பட்டியலை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் பண்ணாதீங்க. உங்களுக்கு பன்னீர் வாசனை வருதா, அப்படியே சொல்லுங்க. கசாயம் மாதிரி இருக்கா, அதுவும் சரி. அதிமதுரமும் சோம்பும் வளந்த வீட்டு மூக்கு நம்மளுது, இந்த ஒயினைப் படிக்க அது ஒரு நல்ல தொடக்கம்.

இப்ப வாய். சின்ன மடக்கு, உடனே முழுங்காம வாய் முழுக்க பரவ விட்டு சில நொடி வச்சிருங்க. ரெண்டு விஷயத்தை தனித்தனியா பிரிச்சுப் பாக்கப் பழகணும். கன்னத்தோட ஓரத்துல எச்சி ஊறுதே, அது புளிப்பு. ஈறும் நாக்கும் காஞ்சு பிடிச்ச மாதிரி ஆகுதே, பால் ஊத்தாத கடுந்தேநீர் குடிச்ச மாதிரி, அது டானின். எச்சியில இருக்கிற புரதத்தோட டானின் சேந்து கட்டிப் போறதால அந்த வழுவழுப்பு போய் வாய் உராயுது, அதைத் தான் நாம துவர்ப்பா உணருறோம். புளிப்பு ஊற வைக்கும், துவர்ப்பு காய வைக்கும், இந்த இழுபறி தான் பரோலோ அடுத்த வாய்க்கும் அடுத்த கவளத்துக்கும் கூப்பிடுறதுக்குக் காரணம்.

துவர்ப்புல நல்லது கெட்டது உண்டு. பொடிப்பொடியா, சீரா, வாய் முழுக்க ஒரே மாதிரி பரவுனா நல்ல டானின். ஒரே இடத்துல சுரீர்னு பச்சையா கசப்போட நின்னா பழம் சரியா பழுக்கல, இல்ல செஞ்சதுல கோளாறு. முழுங்கின பிறகு எண்ணிப் பாருங்க, துவர்ப்பு மட்டும் மிஞ்சுதா இல்ல அதுக்குப் பின்னாடி செர்ரியும் ரோஜாவும் திரும்பி வருதா. திரும்பி வந்து நிமிஷக்கணக்கா நின்னா அது நல்ல ஒயின், இன்னும் வருஷம் தாங்கும்.

முதல் கிளாஸை வேகமா முடிக்காதீங்க. ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வச்சு, கால் மணிக்கு ஒருக்கா மோந்து, ஒருக்கா குடிச்சுப் பாருங்க. மூடிக் கிடந்தது ஒவ்வொண்ணா வெளிய வரும், முதல்ல பழம், அப்புறம் பூ, அப்புறம் மண்ணு. வண்டி ஓட்டுற வேலை இருந்தா இந்தச் சாயங்காலத்தையே வேற நாளுக்குத் தள்ளி வைங்க.

கூட என்ன சாப்பிடுறது

பரோலோவைத் தனியா குடிக்கிறவங்களை அந்த ஊர்ல பாக்குறது கஷ்டம். புரதமும் கொழுப்பும் இருக்கிற சாப்பாடு டானினோட போய் சேந்துக்கும், வாய் இளகிடும், ஒயின் வேற ஆளா தெரியும். அந்த ஊர்ல பரோலோலயே மணிக்கணக்கா வேக வச்ச மாட்டிறைச்சி, ப்ராசாதோன்னு சொல்றது, இதுக்குன்னே உள்ள சாப்பாடு. முட்டை மஞ்சக்கருவை அள்ளிப் போட்டு செய்ற மெல்லிசு பாஸ்தா தாயரின், அது மேல வெண்ணெயும் இலையுதிர் காலத்துல சீவின வெள்ளை ட்ரஃபிளும். உள்ள பூரணம் வச்சுக் கிள்ளி மூடின சின்ன பாஸ்தா, அக்னொலொத்தி. காஸ்தெல்மாக்னோ மாதிரி முதிர்ந்த சீஸ்.

சைவம் சாப்பிடுறவங்க தயங்க வேணாம். வெண்ணெயில வதக்கின காளான், காளான் ரிசோத்தோங்கிற இத்தாலிய அரிசிச் சாப்பாடு இதெல்லாம் அருமையா போகும்.

நம்ம சமையலோட சேக்கணும்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. மிளகாய்க் காரம் ஆல்கஹாலோட எரிச்சலையும் துவர்ப்பையும் ஏத்தி விடும், புளிக்குழம்பு ஒயினோட பழச்சுவையை முழுங்கிடும். அதனால வத்தக்குழம்பும் சிக்கன் 65-உம் இன்னிக்கு வேணாம். மிளகும் சோம்பும் பட்டையும் போட்டு மெதுவா வேக வச்ச மட்டன், மிளகாய் இல்லாம, நெய் கொஞ்சம் தாராளமா விட்டு செஞ்சா அது லாங்கே சாப்பாட்டுக்கு ரொம்ப தூரத்துல இல்ல.

சோதனை ஒண்ணு பண்ணிப் பாருங்க: ஒரு மடக்கு ஒயின், அப்புறம் ஒரு துண்டு சீஸ் இல்ல கறி, மென்னு முழுங்கிட்டு திரும்ப ஒரு மடக்கு. ரெண்டாவது மடக்குல துவர்ப்பு எங்க போச்சுன்னு தேடுவீங்க. புதுசா வர்றவங்களுக்கு பரோலோவைப் புரிய வைக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

மிச்சமும் அடுத்த பாட்டிலும்

பாட்டிலை ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல. இளம் பரோலோ மிச்சம் இருந்தா திரும்ப பாட்டில்ல ஊத்தி கார்க் போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்துக் குடிங்க. நிறைய இளம் பாட்டில் ரெண்டாவது நாள் தான் நல்லா பேசும், மூணாவது நாள் வரைக்கும் தாங்குறதும் உண்டு. பழைய பாட்டில் தாங்காது, அதை அன்னிக்கே முடிச்சிடணும்.

அடுத்த தடவை மூணு நாலு பேரா சேந்து காசு போட்டு ரெண்டு பாட்டில் வாங்குங்க, ஒரே வருஷம், ஒண்ணு லா மோர்ரா, ஒண்ணு செர்ரலுங்கா, முடிஞ்சா ரெண்டும் பழைய முறையில பெரிய பீப்பாய்ல வச்சதா இருக்கட்டும், இல்லன்னா மண்ணு வித்தியாசத்தை மரம் மறைச்சிடும். ரெண்டையும் ஒரே நேரத்துல ஊத்தி, ஆளுக்கு ரெண்டு கிளாஸ் வச்சு, எது எதுன்னு சொல்லாம குடிச்சுப் பாருங்க. எது உங்களுக்குப் பிடிச்சுதோ அந்தப் பக்கத்து ஊர்லருந்து மூணாவது பாட்டிலைத் தேர்ந்தெடுங்க.